ஆறெழுத்துச் சொல் சேர்ப்பவர்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர்காரர்களுக்குப் பொன்னுரங்கத்தைத் தெரியும். நெட்டுக்குப்பம் திருப்பத்தில், டீக்கடைக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார். கையில் நாற்பது பக்க நோட்டு. வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணுவார். ஆறு வந்தால் எழுதிக்கொள்வார்.

எழுதுவார் என்பதைவிட வரைவார் என்று சொல்லலாம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பதின்மூன்று வயதில் கடலுக்குப் போனவர், இப்போது ஐம்பத்தெட்டு. படகின் பதிவு எண்ணில் உள்ள நாலைந்து எழுத்துகளை உருவமாகத் தெரியும், அவ்வளவுதான். இன்னும் இரண்டை மகள் கீர்த்தி சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒன்று ஏ: இரண்டு கழியைச் சாய்த்துக் கட்டி நடுவில் ஒரு குறுக்குக்கட்டை. இன்னொன்று ஆர்: தலை பருத்து, ஒரு காலை முன்னால் நீட்டி நிற்கிற ஆள். இரண்டும் இருக்க வேண்டும். மொத்தம் ஆறு எழுத்து இருக்க வேண்டும். அப்படி ஒரு சொல்லைப் போட்டுத்தான் அவர் மகன் விமல் தன் போனைப் பூட்டியிருந்தான்.

எட்டு மாதத்துக்கு முன் விமல் தனியாகப் படகெடுத்துப் போனான். முகத்துவாரத்தில் என்ஜின் நின்றது. அலை படகைப் புரட்டியது. மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. கடலுக்கு அவன் பட்டன் போனைத்தான் எடுத்துப் போவான். டச் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. இன்றைக்கும் அங்கேயேதான் கிடக்கிறது.

பொன்னுரங்கம் அழவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்தார், போட்ட சோற்றைச் சாப்பிட்டார், படுத்தார். கல்லு மனுசன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. கையைக் கிள்ளினால் யாரோ பக்கத்துவீட்டுக்காரன் கையைக் கிள்ளின மாதிரி இருந்தது. ஒருநாள் பல் விளக்கும்போதுதான் கவனித்தார். மகனின் முகம் நினைவில் இருக்கிறது, நடை இருக்கிறது, முதுகில் இருந்த தழும்புகூட இருக்கிறது. குரல் இல்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு யார் குரலைப் பதிவுசெய்து அனுப்புவார்கள்? சித்தப்பன் மகன் கல்யாண வீடியோவில் விமல் ஆடுகிறான், வாயசைத்துப் பாடுகிறான். ஸ்பீக்கர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கே போனைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரில் அஜினின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனார். அஜின் நாகர்கோவில் பக்கத்துப் பையன், பொய் சொல்லத் தெரியாதவன்.

"பூட்ட எடுத்துரலாம்யா. ஆனா உள்ள உள்ளது அம்புட்டும் போயிரும். பதினஞ்சு தடவ தப்பாப் போட்டாலும் அதே கததான். எத்தன தடவ போட்டிருக்கீங்க?"

கீர்த்தி அழுதுகொண்டே முதல் வாரத்தில் பதினொன்று போட்டிருந்தாள். அதில் ஒன்று 'ஃபாதர்'. ஆறெழுத்து, ஏ உண்டு, ஆர் உண்டு. திறக்கவில்லை. அண்ணன் தட்டும்போது அவள் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். ஆறு தட்டு, ஒன்று இடது ஓரத்து ஏ, ஒன்று மேல்வரிசை ஆர். மீதி நாலு அவளுக்குத் தெரியாது.

மிச்சம் நாலே தடவை. மாதத்துக்கு ஒன்று, அமாவாசை அன்று மட்டும் என்று பொன்னுரங்கம் முடிவுகட்டினார். நல்ல நாள் பார்த்துப் புது வலை இறக்குவது போல. மனைவி குப்பம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மீன் விற்றுவிட்டு வந்து கூடையை வைத்ததும் ஆரம்பிப்பாள்.

"யோவ், கடலுக்குப் போற ஆம்பள லாரி குண்டிய பாத்துகினு குந்திகீற. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"இன்னாதான் கெட்ச்சிது இன்னிக்கி?"

"அஞ்சு."

கீர்த்தி நோட்டை வாங்கிப் படிப்பாள். டேங்கர். ஹஸார்டு. மாஸ்டர். "ப்பா, இது ஏழு எழுத்துப்பா, ஒண்ண வுட்டுட்டு எழுதிகீற." அவர் தலையாட்டுவார்.

முதல் அமாவாசைக்கு 'கேரம்' போட்டார்கள். விமல் மன்றத்தில் கேரம் ஆடுகிறவன், குப்பமே அதைத்தான் சொன்னது. இல்லை. அடுத்து 'டேஞ்சர்'. இல்லை. அதற்கடுத்து 'மார்க்கெட்'. ஒவ்வொரு தடவையும் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவர் அதைத் திரும்பச் சார்ஜில் போட்டார்.

ஒரு தடவைதான் பாக்கி.

அந்த மாதம் அவர் சாலைக்குப் போகவில்லை. கரையில் விமலின் படகு கவிழ்ந்து கிடந்தது. மீட்டுக்கொண்டு வந்ததோடு சரி, யாரும் தொடவில்லை. பக்கவாட்டில் அவன் கட்டிய பழைய டயர் தொங்கியது. உப்பைத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. எண்ணினார். ஆறு. ஏ இரண்டு. முதலெழுத்தே ஆர்.

சற்றுத் தள்ளி மணி வலை பிரித்துக்கொண்டிருந்தான். விமலின் கூட்டாளி. எட்டு மாதமாக இவரைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவான். இன்றைக்கு வலைக்குள் கால் இருந்தது, எழுந்து ஓட முடியவில்லை.

"டேய், இதப் படி."

"ரேடியல்னு போட்டுகீது நைனா. டயருங்க எல்லாத்துலயும் போட்டிருப்பான்."

"எல்லாத்துலயுமா?"

"ஆமா. எதுக்கு?"

"போனுக்கு. அதுக்குள்ள அவன் பேசினது எதுனா இருக்கும். எனுக்கு அவன் கொரலு மறந்து பூட்ச்சி."

மணி கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான். பிறகு இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தான்.

"அதுல தேடாத நைனா. இதுல கீது. அவன் போறதுக்கு முந்தின நாளு சாயங்காலம் அனுப்புனான். நா யார்கிட்டயும் காட்டல."

அழுத்தினான். முதலில் என்ஜின் சத்தம், அதன் மேல் ஒரு சிரிப்பு. 'டேய் மணி, ஸ்டார்ட் ஆயிட்ச்சிடா, கேளு. காலைல வந்துடு. தூங்கித் தொலையாத, ஆமா.' அவ்வளவுதான். பதினோரு வினாடி.

"தூங்கிட்டேன் நைனா," என்றான் மணி. "அவன் தனியா பூட்டான்."

பொன்னுரங்கம் அவனைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துப் போனையே பார்த்தார்.

"என்ஜினு மூணு அடி அடிச்சிட்டு ஒண்ண முழுங்குது. டீசல்ல தண்ணி கீது. கேட்டியா நீ?"

"இல்ல நைனா."

"அவனும் கேக்கல." முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "ஒரு வார்த்த என்னக் கூப்ட்டிருந்தா அங்கியே நிறுத்திருப்பேன். வூட்லதான் குந்திகினு இருந்தேன்."

மணி அழத் தொடங்கியிருந்தான். சாலையில் டேங்கர் ஒன்று நின்றது. பழக்கத்தில் அதன் பின்பக்கத்தை எண்ணினார், எட்டு எழுத்து. மணியின் தோளில் கை வைத்தார். அந்தக் கையும் பக்கத்துவீட்டுக்காரன் கை போலவே இருந்தது. எடுக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடு," என்றார். "இந்த வாட்டி என்ஜின வுட்டுட்டு அவனக் கேக்கறேன்."