வருசம் போடாத பேனர்

எங்கள் துறை பீரோவின் மேல்தட்டில், பழைய வேட்டியில் சுற்றி, அந்தத் துணிப் பேனர் இருக்கிறது. காலநிலை மாற்றம் குறித்த தேசிய மாநாட்டைக் கல்லூரியில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அதற்கு முந்தைய நாள் நான்தான் அதை வெளியே எடுப்பேன். வேறு யாரும் கை வைத்தால் எனக்கு ஆகாது. கெட்டியான காடாத் துணி. அதன் மேல் பச்சை, பழுப்பு, கட்டம், கோடு என்று கிடைத்த துண்டுகளில் எல்லாம் வெட்டித் தைத்த எழுத்துகள். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் யாரோ பெரிய டிசைனரின் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். அத்தனையும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெட்டிக் கழித்த துணி. தைத்தவள் என் நாத்தனார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து, இங்கேயே ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். திருவேற்காட்டில் வீடு. கணவரின் தங்கை அப்போது அம்பத்தூரில் ஒரு ஆடை கம்பெனியில் டெய்லர். அண்ணனை எங்கிருந்தோ வந்த ஒருத்தி கொத்திக்கொண்டு போய்விட்டாள் என்று அவளுக்குக் கோபம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. நான் பக்கத்திலேயே நிற்பேன். “சோறு ஆறுதுன்னு சொல்லு” என்று அண்ணனிடம் சொல்வாள். நான் மட்டும் என்ன லேசுப்பட்டவளா? நானும் அவரிடமே பதில் சொல்லி அனுப்புவேன். நடுவில் அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ பாவம்! ஒருநாள் பூந்தமல்லிக்குச் சாமான் வாங்கப் போய்விட்டு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே என்னை நேராகப் பார்த்தாள். “உங்க மாநாடு குமணன்சாவடி டீக்கடை மேல கீது. போய்ப் பாருங்க” என்றாள். அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசியது அதுதான்.

போய்ப் பார்த்தேன். முந்தைய ஆண்டு மாநாட்டுக்கு அடித்த ஃப்ளெக்ஸ், கடையின் கூரையில் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தது. ‘பூமியைக் காப்போம்’ என்ற வரிக்கு நேர் கீழே பால் கொதித்துக்கொண்டிருந்தது. சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்த ஆண்டு முதன்முறையாக நான்தான் மாநாட்டு ஒருங்கிணைப்பாளர். இனி ஃப்ளெக்ஸே வேண்டாம், துணியில் எழுதிக் கட்டுவோம் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். ஒரு பேனரில் என்ன வந்துவிடப்போகிறது என்று இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்லூரி முதல்வர் மட்டும், “சரிம்மா, செய்து காட்டுங்க. சொதப்பினா அடுத்த வருஷம் துணின்னு பேச்சே எடுக்கக் கூடாது” என்றார். அன்றிலிருந்து என் மானமே அந்தத் துணியில்தான் இருந்தது.

மாணவர்கள் போஸ்டர் கலரில் அழகாக எழுதினார்கள். மாநாட்டுக்கு முந்தைய நாள் காலையில், காயட்டும் என்று அரங்கத்தின் வாசலில் கட்டினோம். மதியம் பிடித்தது மழை. போஸ்டர் கலர் தண்ணீரில் கரையும் என்று தெரியாதா? தெரியும். மழைக்காலத்தில் மழை வரும் என்பதும் தெரியும். மழை ஏன் காலம் தப்பிப் பெய்கிறது என்று பேசுவதற்கு ஊரெல்லாம் ஆள் கூப்பிட்டிருந்த நாங்கள், மழையை மறந்துபோனோம்! எழுத்தெல்லாம் ஒழுகிப் படிக்கட்டில் பச்சையாக ஓடியது. நாலு மணி வரை பார்ப்பேன், அப்புறம் ஃப்ளெக்ஸ் கடைக்குச் சொல்லிவிடுவேன் என்றார் முதல்வர். நான் கணவருக்கு போன் செய்து அழுதேன்.

அவர் தங்கையிடம் என்ன சொன்னாரோ, தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஷேர் வேனிலிருந்து ஒரு துணி மூட்டையோடு நனைந்துகொண்டே இறங்கினாள் அவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நேராகக் கல்லூரிக்கு எதிரே இருந்த தையல் கடைக்குள் நுழைந்தாள். “அண்ணாத்தே, கொஞ்சம் எந்திரி, மெஷின் வேணும்” என்று கடைக்காரரை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். என் பக்கம் திரும்பி, “இன்னாத்துக்கு அழுவுற? மூஞ்சத் தொடச்சிகினு எழுத்து வரஞ்சி குடு” என்றாள். நான் சாக்பீஸால் வரைய, அவள் வெட்டி வெட்டித் தைத்தாள். கடைசி எழுத்துக்குத் துணி போதவில்லை. தன் மஞ்சள் துப்பட்டாவின் முனையை யோசிக்காமல் கத்தரித்தாள். ஆண்டு எழுதப் போனபோதுதான் என் கையைப் பிடித்தாள். “வருசத்த இதுல போடாத அண்ணி. போட்டா அடுத்த வருசம் இதுவும் டீக்கடை மேல போயிரும். அத்த தனியா தச்சித் தரேன், நாடா வச்சிக் கட்டிக்கோ.”

நாலு மணிக்கு முன்பே பேனர் மேடையில் ஏறிவிட்டது. முதல்வர் அண்ணாந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வெளிமாநிலத்துக்காரர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவளால் வர முடியவில்லை, கம்பெனிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, “சோறு போடு அண்ணி, பசிக்குது” என்று என்னிடமே கேட்டாள். ஓடிப்போய்த் தட்டை எடுத்து வைத்தேன். அன்று அவள் வராமல் போயிருந்தால் அந்தக் கல்லூரியில் நான் தலைநிமிர்ந்து நடந்திருக்க மாட்டேன். இன்று எங்கள் கல்லூரியில் எந்த விழாவுக்கும் ஃப்ளெக்ஸ் கிடையாது. அந்தப் புண்ணியம் அவளுக்குத்தான் சேரும்.

இப்போது அவள் மஸ்கட்டில் புருஷனோடு தையல் கடை வைத்திருக்கிறாள். வந்து போய்ப் பல வருடம் ஆகிறது. இந்த முறையும் பேனரைக் கட்டி, புது ஆண்டுத் துண்டை நாடாவால் முடிந்துவிட்டு, வீடியோ காலில் காட்டினேன். மஞ்சள் எழுத்து நன்றாக வெளுத்துவிட்டது.

“இன்னா அண்ணி, இன்னும் கிழியலியா அது?”

“உன் தையல் எப்படிடீ கிழியும்?”

“அந்த மூலைல யாரு தச்சது? கேவலமா கீது.”

பிரிந்துபோன ஒரு மூலையை எப்போதோ நான் ஊசி நூலால் இழுத்துப் பிடித்த லட்சணம் அது. நான்தான் என்றேன்.

“உட்டுடு, கை வைக்காத. நா வந்து பிரிச்சித் தச்சிக்கிறேன்” என்றாள்.

ஒவ்வொரு வருடமும் இதையேதான் சொல்கிறாள். எதிர்க் கடையில் கொடுத்தால் அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிடும். நான் கொடுக்கவில்லை. அவள் வந்து பிரிக்கட்டும்.