பாதை எந்தக் கரையில்

எங்கள் பக்கம் பாதை என்றால் ரோடு இல்லை. வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. வாவியை நாங்கள் ஆறு என்போம். ஆற்றுக்கு மேற்கே படுவான்கரை, வயல். கிழக்கே எழுவான்கரை, குருக்கள்மடம், கல்முனை ரோடு. என் வீடு படுவான்கரையில். பாதையில் கயிறு போடுவது என் வேலை. எஞ்சின் பிடிப்பது மச்சான், என் மனைவியின் தமையன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. அவர் அதுவும் இல்லை.

பாதைக்கு நேரசூசி கிடையாது. ஆள் இறங்கின கரையில் நிற்கும். அடுத்த கரைக்கு ஆள் வந்தால் கூப்பிட வேண்டும். கையை வாயில் குவித்து, ஓ... என்று நீட்டுவார்கள். தண்ணீர் அந்தக் குரலைக் கொண்டுவந்து தரும். யார் என்று குரலிலேயே தெரியும். மீன்காரர் குரல் கட்டை. பால்காரர் குரல் முடியும் இடத்தில் மேலே எழும்பும். கூப்பிட்டால் போவோம். கூப்பிடாவிட்டால் போகமாட்டோம். எங்கள் அப்பன்மார் காலத்திலும் அப்படித்தான்.

டீச்சர் கூப்பிடமாட்டார்.

குருக்கள்மடத்தில் வீடு. எங்கள் கரையில் பள்ளிக்கூடம். ஒவ்வொரு காலையும் குடையோடு துறையில் வந்து நிற்பார். வேறு யாராவது வந்து கூப்பிட்டால் உண்டு. இல்லாவிட்டால் நின்றபடியே நிற்பார். தூரத்தில் ஒரு குடை மட்டும் தெரியும். பனி நாளில் அதுவும் தெரியாது.

"வாயத் திறந்தா முத்து உதிந்திருமோ டீச்சருக்கு?" என்று மச்சான் ஒருநாள் பாதையில் வைத்துக் கேட்டுவிட்டார்.

டீச்சர் கோபிக்கவில்லை. "ஏலா அண்ணன். நானும் வீட்டில கதவச் சாத்திப்போட்டு கத்திப் பாத்த. சத்தம் வருதில்ல."

மச்சான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கும் பேச்சு வராது.

ஏழரைக்குப் பள்ளிக்கூட அதிபர் கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே விழுகிற கையெழுத்துகள் சேர்ந்தால் லீவில் வெட்டு. டீச்சருக்கு லீவு வேண்டும். அம்மாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன், கொழும்பில். திகதிக்குக் காத்திருந்தார்கள். கூட நிற்க டீச்சரை விட்டால் ஆள் இல்லை. இரண்டு கிழமை, பதினாலு நாள், நிற்க வேண்டும். அந்த இரண்டு கிழமையைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு காலையும் அந்தத் துறையில் நின்றார். இது பாதையில் போகிற எல்லாருக்கும் தெரியும்.

அதற்கு முந்தின வருடம் கயிறு சுற்றி என் கால் முறிந்தது. ஐந்து மாதம் வீட்டில் கிடந்தேன். கையில் போன். மகள் படிக்க வாங்கின பழைய லெப்டொப் ஒன்று. போனில் ஓடுகிற அப் எப்படிச் செய்வது என்று இந்தியாவில் ஒருவர் வீடியோவில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டேன். கால் நோகிறபோது கேட்டால் நோவு தெரியவில்லை. அதனால் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இங்கிலீஸ் எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. படம் பார்த்து வரைவது மாதிரிப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஒரு புள்ளி விட்டாலும் ஓடாது. வலையில் ஒரு கண் விட்டால் இறால் போகும், அதுபோல. ஒருநாள் ஓடியது. திரையில் ஒரு நீலப் பொட்டு. நான்தான் அது. கட்டிலில் கிடந்த இடத்தில் நின்றது.

கால் சரியானதும் பாதைக்குப் போனேன். பழைய போன் ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டுப் பாதைத் தூணில் கட்டினேன். அது, தான் நிற்கிற இடத்தை எங்கேயோ ஒரு ஊரில் இருக்கிற கம்பியூட்டருக்குச் சொல்லும். அங்கிருந்து மற்றப் போன்களுக்கு வரும். அப்புக்குப் பெயர், பாதை எந்தக் கரையில். பாதை தன் கரையில் நிற்கிற நேரம் பார்த்து வந்தால் டீச்சர் கூப்பிடத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் நான் இரண்டு இடத்தில் இருந்தேன். காலுக்குக் கீழே பலகை, அதற்குக் கீழே தண்ணீர். கையில் இன்னொரு ஆறு, அலை இல்லாதது, அதில் ஒரு பொட்டு ஊர்ந்துகொண்டிருக்கும். சில நாள் பொட்டு பிசகிவிடும். கரையைத் தாண்டி வட்டைக்குள் போகும். நெல்லுக்கு மேலே பாதை மிதக்கும். நாங்கள் ஆற்று நடுவில் நிற்போம். போனில் வயலுக்குள் நிற்போம். எது சரி என்று கொஞ்ச நேரம் யோசிப்பேன். சரி பண்ண மனம் வரவில்லை. மறுகா, சில நாள் கழித்து, பண்ணினேன்.

எங்கள் கரை ஆட்களிடம் இருப்பது அன்றொயிட். விலை குறைஞ்சது. அதில் ஓடியது. டீச்சரிடம் இருந்தது ஐபோன். கட்டாரில் இருக்கிற தம்பி கொடுத்தது. யாருக்காகச் செய்தேனோ அவர் போனில் ஓடவில்லை.

ஒரு தரம் எழுதினால் இரண்டு வகைப் போனிலும் ஓடும் என்றுதான் அந்த இந்தியாக்காரர் சொன்னார். எழுத்து ஒன்றுதான். ஆனால் ஐபோனுக்குள் அதை ஏற்றுவதற்கு மெக் என்கிற கம்பியூட்டர் வேண்டும். நான் விசாரித்த அளவில் காத்தான்குடியில் கலியாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்றில் இருந்தது. கடைக்காரர் முஸ்லிம், அவர்களில் அண்ணனைக் காக்கா என்போம்; அந்தக் காக்காவை எனக்கு முன்னே பின்னே தெரியாது. போய்ச் சொன்னேன்.

"இதில நான் மாப்பிள்ளமார வெள்ளையாக்கிற. நீங்க தோணி விடப் போறீங்களா?"

"பாதை."

"ரெண்டும் ஒண்டுதான். ஜும்மாவுக்கு நான் கடையச் சாத்துவன். அந்த நேரம் இருந்து செய்ங்க. சோபாவில கால் வைக்காதீங்க, பொம்பிள மாப்பிள இருக்கிற சோபா."

வெள்ளிக்கிழமை டீச்சர் காலையில் போனைத் தந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். நான் பதினொரு மணிக்குப் பாதையை மச்சானிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். காக்கா கதவை வெளியே பூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். உள்ளே ஏசிக் குளிர். பின்னால் துணியில் வரைந்த ஒரு குளம், அதில் அன்னங்கள். முன்னால் மெக். வயரைக் குத்திவிட்டு இருப்பேன். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக வளரும். தெருவில் சத்தமே இருக்காது. தூரத்தில் ஓதுகிற குரல் வரும். வரைந்த குளத்துக்கு முன்னால் இருந்து, என் ஆறு அந்தப் போனுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே இருந்த நேரம் எவ்வளவு என்று எனக்கு ஒருநாளும் பிடிபடவில்லை.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே எழுத்து. ஆனாலும் ஒன்றில் ஆறு கொஞ்சம் வெளிறி, மற்றதில் கடும் நீலம். ஒன்றில் பொட்டு தத்தித் தத்திப் போனது. மற்றதில் வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்த திங்கள் டீச்சர் சொன்னார். "அண்ணன், ஆத்துப் படத்துக்குள்ள போனா வெளிய வர ஏலா."

அன்றொயிட்டில் திரும்பி வருகிற பட்டன் போனிலேயே இருக்கும். ஐபோனில் அது இல்லை. நான் வைத்துக் கொடுக்க வேண்டும். வைக்கவில்லை. "அப்ப என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"சும்மா பாத்துக்கொண்டு இருந்த. வடிவாத்தான் இருந்த."

திரும்புகிற பட்டனை வைத்தேன். ஆனால் பெரிய பிழை அது இல்லை. அப் வந்த பிறகு ஆட்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். துறைக்கு வருவார்கள், போனைப் பார்ப்பார்கள், பாதை அந்தப் பக்கம் நிற்குது என்று தெரிந்துகொள்வார்கள், பேசாமல் இருப்பார்கள். தாங்கள் பாதையைப் பார்க்கிற மாதிரி பாதையும் தங்களைப் பார்க்குது என்று நினைத்தார்கள். நாங்கள் இந்தக் கரையில் கூப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தோம். ஒரு காலை அந்தக் கரையில் பதினைந்து பேர் நின்றிருக்கிறார்கள். பால்காரரும் நின்றிருக்கிறார். ஒரு குரல் வரவில்லை. ஆறு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நல்லா இருக்குது என்றுகூட நினைத்தேன்.

அன்று டீச்சரின் கையெழுத்து கோட்டுக்குக் கீழே. அரை நாள் லீவு வெட்டு. மச்சான் சொன்னார். "முந்தி டீச்சர் ஒராள்தான் ஊமை. இப்ப ஊரையே ஊமையாக்கிப் போட்டாய்."

பட்டன் ஒன்று செய்தேன். துறையில் நிற்கிறேன் என்று எழுதியிருக்கும். அமத்தினால் தூணில் கட்டின போன் சத்தம் போடும், அமத்தின ஆளின் பெயரும் திரையில் வரும். அதற்கு மணிச் சத்தம் வைக்க விருப்பமில்லை. மச்சானைக் கூப்பிடச் சொல்லி, அந்தக் குரலைப் பிடித்து வைத்தேன்.

"என்ட குரலாலேயே என்ன வேல வாங்கப் போறாய்," என்றார். மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவதுதான் நல்லது என்று அவரே தெரிந்தெடுத்தார்.

அதற்குப் பிறகு காலையில் தூணிலிருந்து ஓ... என்று வரும். பனிக்குள் போவோம். டீச்சர் நிற்பார். அரை நாள் போனதோடு சரி, வேறு போகவில்லை. மிச்சம் இருந்தது சரியாக இரண்டு கிழமை. இனிக் கூடவும் இல்லை, குறையவும் ஏலாது. ஒப்பரேஷன் திகதியும் வந்தது.

ஐபோனில் இன்னொரு காரியம் உண்டு. காசு கட்டிப் பதியாமல் சும்மா ஏற்றின அப்புக்கு ஏழு நாள்தான் உயிர். எட்டாம் நாள் தட்டினால் திறக்காது. அதனால்தான் ஒவ்வொரு வெள்ளியும் காத்தான்குடி.

அம்மாவைக் கூட்டிப்போக ஒரு கிழமை இருக்க, ஒரு வெள்ளி ஸ்டூடியோ பூட்டு. ஓட்டமாவடியில் கலியாணமாம், மெக்கையும் கொண்டுபோய்விட்டார். பூட்டின கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன். "அடுத்த வெள்ளிதான்," என்றேன். டீச்சர் தலையாட்டினார்.

திங்கள் நல்ல பனி. எங்கள் கரையில் நாங்கள் கட்டி நின்றோம். ஏறுவதற்கு ஆள் இல்லை. தூணில் போன் பேசாமல் இருந்தது. நேரம் ஏழு மணியைத் தாண்டியது. கரையோரக் கண்ணா மரம் பனிக்குள் போய் வந்துகொண்டிருந்தது. கூப்பாடு வராது என்று எனக்குத் தெரியும். டீச்சரின் அப் செத்துக் கிடந்தது. மற்ற ஆட்கள் திங்களில் பிந்தித்தான் வருவார்கள்.

கயிற்றைக் கழற்றினேன்.

"ஆரு கூப்பிட்ட?" என்றார் மச்சான்.

"ஒருத்தரும் இல்ல. போவம்."

அவர் என்னைப் பார்த்தார். எஞ்சினை இழுத்தார்.

நடு ஆற்றில் கரை இரண்டும் இல்லை. வெள்ளை மட்டும். தண்ணீர் எங்கே முடிந்து பனி எங்கே தொடங்குது என்று தெரியாது. கையில் போனை எடுத்துப் பார்த்தேன். பொட்டு நீலத்துக்கு நடுவில் நின்றது. போகிற மாதிரியே இல்லை. அப்போது ஒரு சத்தம். மெல்லியது. மச்சான் எஞ்சினைக் குறைத்தார். திரும்பவும் வந்தது. ஓ... நீளவில்லை, பாதியில் உடைந்தது. எங்களுக்குத் தெரியாத குரல்.

"இது ஆருகா?" என்றார் மச்சான்.

நான் கயிற்றைக் கையில் எடுத்தேன். அவர் எஞ்சினைக் கூட்டினார்.

துறையில் டீச்சர் தனியே நின்றார். முகம் சிவந்திருந்தது. பாதை இவ்வளவு கிட்டத்தில் பனிக்குள்ளிருந்து வந்ததைக் கண்டு திடுக்கிட்டார்.

"இப்பதானே கூப்பிட்ட. அதுக்குள்ள எப்பிடி?"

"வந்துகொண்டுதான் இருந்த," என்றேன்.

கோடு போட இரண்டு நிமிடம் இருக்கக் கையெழுத்து வைத்தாராம்.

அந்த வெள்ளி ஸ்டூடியோ திறந்திருந்தது. டீச்சர் போனைத் தந்தார். ஞாயிறு கொழும்புக்குப் போகிறவருக்கு இந்த அப் எதற்கு என்று நான் கேட்டேன்.

"ஒப்பரேஷன் முடிஞ்சு அம்மா கண் முழிச்சா அமத்திறன். உங்களுக்குத் தெரியும்தானே அப்ப."

போனில் கோல் எடுத்துச் சொல்லலாம். எடுத்தால் நான் என்ன பேசுவேன். அது அவருக்கும் தெரியும்.

செவ்வாய் ஒப்பரேஷன் என்றார்கள். செவ்வாய் தூணில் டீச்சரின் கூப்பாடு வரவில்லை. புதன் இல்லை. திகதி தள்ளிப் போனதா, வேறு ஏதுமா, எனக்குத் தெரியாது. வியாழனும் மற்ற ஆட்கள்தான் அமத்தினார்கள், போனோம், வந்தோம். ஒவ்வொரு முறையும் யார் என்று திரையில் பார்த்தேன். வெள்ளி மத்தியானத்தோடு அப் செத்துவிடும். மச்சானும் அதை விரலில் எண்ணி வைத்திருந்தார் என்று மறுகா தெரிந்தது.

வெள்ளி காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். ஆறு முழுக்க வெளிச்சம், கண் கூசியது. அந்தக் கரைத் துறை வெறுமையாகக் கிடந்தது, அங்கே ஒரு கம்பத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி.

ஓ... என்றது போன். எடுத்துப் பார்த்தேன். டீச்சர்.

மச்சான் எஞ்சினை இழுத்தார். ஒருவரையும் ஏற்றாமல் கடந்தோம். நீர்க்காகம் எழும்பிப் பறந்தது. துறையில் கயிறு போட்டேன். ஒராள் ஏறுகிற அளவு நேரம் நின்றோம். மறுகா கயிற்றைக் கழற்றினேன்.