கிச்சாப்பின் கழுத்துத் தகடு

இன்று காலை கிச்சாப்பின் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கழுவினேன். அதில் தொங்கும் தகட்டில் எண்கள் பாதி தேய்ந்துவிட்டன. அது என் தொலைபேசி எண் இல்லை. ரவாங்கில் தெருநாய்களுக்குக் காப்பகம் நடத்திய ஆன்டியின் எண். "வீட்டுக்குப் போனதும் உன் நம்பர் போட்டு மாத்திக்கம்மா" என்று முதல் நாளே சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்றே ஒன்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். வேலை பெட்டாலிங் ஜெயாவில், வீடு கிள்ளானில். இரண்டுக்கும் நடுவில் ரயிலில் நின்றே இடுப்பு ஒடிந்து வருகிறவளுக்கு இதற்கெல்லாம் எங்கே தெம்பு?

அம்மா போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடந்தது. கதவைத் திறந்தால் ஓர் உயிராவது எட்டிப் பார்க்காதா என்றிருந்தது. அதனால்தான் ஆன்டியிடம் போனேன். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, இன்ன சாதி என்று சொல்ல முடியாத கலப்பு நாய். சோயா சாஸ் நிறத்தில் இருந்ததால், மலாயில் அதற்குச் சொல்லும் கிச்சாப் என்ற பெயரையே அங்கே அவனுக்கு வைத்திருந்தார்கள். ஆன்டி லேசில் தரவில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் யாருக்கும் நாய் தருவதில்லை என்பது அவருடைய சட்டம். "பட்டாசு சத்தத்துல ஓடிரும்லா. அப்புறம் உட்கார்ந்து அழுவீங்க. தீபாவளி முடிஞ்சு வா." நான் விடவில்லை. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து போய் நச்சரித்தேன். கடைசியில், "அன்னிக்கு ரூமுக்குள்ள வச்சு நீயும் கூடவே இருக்கணும், சரியா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன்.

அதிலிருந்து ஞாயிறு காலை தவறாமல் போன் வரும். ஒரே கேள்விதான். "கிச்சாப் சாப்டானா?"

தீபாவளியன்று வீட்டில் ஓப்பன் ஹவுஸ், யார் வந்தாலும் விருந்து. அலுவலகத்து மலாய்த் தோழிகள் வருவதாக இருந்தது. நாய் மேலே பட்டால் அவர்களுக்குச் சங்கடம் என்று நானாகவே முடிவு செய்தேன். இருந்த ஒரே அறையையும் அவர்கள் தொழுவதற்காகத் துடைத்து ஒழித்து வைத்துவிட்டேன். கிச்சாப்பைப் பின்சந்தில், துணி காயப்போடும் நைலான் கயிற்றால் கட்டினேன். அடுத்த வீட்டில் சரவெடி வைத்தார்கள். நான் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் போய்ப் பார்த்தால் கம்பியில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் மலாய் அக்கா ஒருவர், "சொல்லியிருந்தால் நாங்கள் தள்ளி உட்கார்ந்திருப்போமே" என்று மலாயில் கடிந்துகொண்டார். பாஜு கூரோங்கின் நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி என்னோடு நான்கு தெரு தேடி அலைந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த ஞாயிறும் போன் வந்தது. "சாப்டான் ஆன்டி" என்றேன். என்ன துணிச்சல்! அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். மூன்றாவது ஞாயிறு, "ரெண்டு தட்டு" என்று சேர்த்துக்கொண்டேன். தினமும் ரயிலை விட்டு இறங்கியதும் தெருத்தெருவாகப் போய் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நாலாவது ஞாயிறு அந்தக் கேள்வியைக் கேட்டதும் உடைந்துபோனேன். "அவன் இல்ல ஆன்டி. தீபாவளி அன்னிக்கே ஓடிட்டான். பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்மா. இங்கதான் படுத்திருக்கான். மறுநாளே ஒரு சீன அங்கிள் தகட்டப் பாத்துட்டு போன் பண்ணாரு. நானே கிள்ளான் வந்து ஏத்திட்டு வந்தேன்."

எனக்கு வந்ததே கோபம். "மூணு வாரமா தெருத்தெருவா அலையுறேன் ஆன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னுதான் நானும் பாத்துட்டு இருந்தேன். தொலைச்சவங்க எல்லாரும் கெட்டவங்க இல்லம்மா. ஆனா பொய் சொல்ற வீட்டுல, அவனுக்கு நோவு வந்தா எனக்கு எப்படித் தெரியும்? சரி, வந்து கூட்டிட்டுப் போ."

அவமானத்தோடுதான் போனேன். கிச்சாப்புக்கு அதெல்லாம் தெரியவில்லை. என் மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கினான். அன்று முதல் ஆன்டியிடம் எதையும் மறைத்ததில்லை. பேதியானாலும் சொல்வேன், செருப்பைக் கடித்தாலும் சொல்வேன்.

போன வருடம் ஆன்டி இறந்துவிட்டார். காப்பகத்து நாய்களை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுபோனார்கள். கிச்சாப்புக்கும் வயதாகிக் காது அடைத்துவிட்டது. இந்தத் தீபாவளிக்கு முன்கூடத்திலேயே படுத்து, வெடிச் சத்தம் எதுவும் கேட்காமல் தூங்கினான். மலாய் அக்கா தள்ளி உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுவிய பட்டையை அவன் கழுத்தில் மறுபடி மாட்டினேன். தகட்டில் என் எண்ணைப் போட்டே ஆகவேண்டும்; அந்த எண்ணை அழைத்தால் இப்போது எடுக்க ஆளில்லை. இன்று ஞாயிறு. இரண்டு நாளாகக் கிச்சாப் சாப்பிடவில்லை, ஆன்டி.