கரி பஸ்ஸும் ஒளித்துவைத்த பெட்ரோலும்

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். கரியை மூட்டி, அதில் வரும் புகையில் எஞ்சினை ஓட்ட வேண்டும். கிளப்பிவிட மட்டும் முதலாளி தினம் கொஞ்சம் பெட்ரோல் கொடுப்பார். திருத்தணி–பள்ளிப்பட்டு பஸ்ஸை ஓட்டிய கரீமுல்லா அதிலும் ஒரு வாய் மிச்சம் பிடித்து, சீட்டுக்கடியில் ஒரு டின்னில் சேர்த்துவைத்தான். திருட்டு என்றால் திருட்டுதான். மனைவியின் போன பிரசவத்தில், கரி அடுப்பு சூடாவதற்குள் எல்லாம் முடிந்து, பிள்ளை வீட்டிலேயே செத்துப் பிறந்தது. இந்தத் தடவை ரம்ஜான் பீக்கு வலி எடுத்தால் பெட்ரோலை ஊற்றி, நேராக அரக்கோணம் ஆஸ்பத்திரி. முதலாளி கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலை, "இடுப்பைப் பிடிச்சிக்கினு இருக்குது" என்றாள் அவள்.

"இந்த ஒரு நடை போயி வந்துர்றேன். மதியம் கெளம்பிடலாம்."

போகாவிட்டால் பஸ்ஸை வேறொருவன் எடுத்துக்கொண்டு போவான். பஸ் இல்லாமல் டின்னைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்குத் திரும்பும்போது பஸ் நிறையக் காவடிக்காரர்கள். கூரையில், உபரிக் கரி மூட்டைகளின் மேல் பூக்கூடைகளை ஏற்றினான் கண்டக்டர் வேணு. வறண்ட ஆற்றைக் கடக்கையில், பாதி மணலில், எஞ்சின் இருமி நின்றது. அடுப்பில் கரி தீர்ந்திருந்தது. வேணு ஒரு மூட்டையை இறக்கினான். தண்ணீர் சொட்டியது. அடுத்ததும் அப்படியே.

"யாருய்யா கரி மேல தண்ணி ஊத்தினது?"

கூரையிலிருந்து பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "கரிக்கு யார் ஊத்தினாங்க நைனா? பூவுக்குத் தெளிச்சேன். சாமிக்கு வாடின பூவா கொண்டுபோறது?"

வழிநெடுக, குடத்தோடு உட்கார்ந்து தெளித்திருக்கிறார்.

கரீமுல்லா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். டின்னை ஊற்றினால் ஊர் போய்ச் சேரலாம். அங்கிருந்து அரக்கோணத்துக்குச் சொட்டு மிஞ்சாது. ஊற்றாவிட்டால் கரி காய்கிற வரைக்கும் இங்கேயே கிடக்க வேண்டும், அவள் அங்கே துடிக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

"இன்னா பாய், மந்திரம் போடுறியா?" என்றான் வேணு.

சீட்டைத் தூக்கி டின்னை எடுத்தான். வேணு வாயைப் பிளந்தான்.

"அடப்பாவி பாய்! தெரிஞ்சா ஜெயிலு!"

"வாய மூடிக்கினு புனல எடு."

பஸ் மணலை விட்டு ஏறியது. ஊர் எல்லையில், அவன் தெருவுக்குச் சற்று முன்னால் எஞ்சின் அடங்கியது. காவடிக்காரர்கள் அரோகரா போட்டபடி இறங்கி மலையைப் பார்த்து நடந்தார்கள். அவன் வீட்டுக்கு ஓடினான்.

பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் வாசலை மறித்தாள். "வண்டி எங்கடா?"

"பெட்ரோல் தீந்துபோச்சுக்கா."

"நல்ல ஆம்பள நீ! இனி வண்டி வந்தும் ஒண்ணும் ஆவாது, தலை தெரியுது. வெளியிலயே நில்லு."

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ரம்ஜான் பீயின் முனகல் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. போன தடவையும் இப்படித்தான் அடங்கிற்று. கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. விட்டுப் போகவும் கால் எழவில்லை.

வீலென்று ஓர் அழுகை. சின்னக் குரல், ஆனால் நல்ல கோபம் அதில்.

"பொண்ணுடா! ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க" என்று உள்ளிருந்து கத்தினாள் தாயாரம்மாள்.

அவன் சாத்திய கதவில் காதை வைத்துக் கேட்டான்.

வேணு மூச்சிரைக்க ஓடி வந்தான். "பாய், முதலாளி பஸ்ஸாண்ட வந்துட்டாரு. பெட்ரோல் வாசனை எப்பட்றா வந்துச்சுன்றாரு. அவர்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"பொண்ணுன்னு சொல்லு" என்றான் கரீமுல்லா.