ஆறாவது மேசையில் நான்கு புள்ளிகள்

உங்கள் பிள்ளை உட்காரப்போகும் நாற்காலியை ஒரு தடவையாவது கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியை பார்க்கிறார். இருபத்து நான்கு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, ஆணி துருத்துகிறதா, கால் ஆடுகிறதா, யாராவது ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவுகிறார். பிறகு நிமிர்த்தி அதில் தானே உட்காருகிறார். உயரமான பெண்மணி. முழங்கால் மேசையில் இடிக்கிறது. எட்டு வயதுக்காரியின் உயரத்துக்குக் குனிந்து கரும்பலகையைப் பார்க்கிறார். “இங்கேருந்து இடது ஓரம் தெரியல” என்று முணுமுணுத்துவிட்டு மேசையை நாலு விரற்கடை நகர்த்துகிறார். மறுபடி உட்காருகிறார்.

பள்ளியில் அவருக்கு ‘சந்தேக டீச்சர்’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. “இந்தப் பேரை முதல்ல யார் வெச்சாங்கங்கறதுலதான் எனக்கு ஒரு சந்தேகம்” என்கிறார்.

பள்ளி திறக்க எட்டு நாள் இருந்தது. மேசை நாற்காலி பழுதுபார்க்க, கைவேலை தெரிந்த பெற்றோர் வரலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். எனக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியும். போனேன். போன முதல் நாளே டீச்சர் என் திருப்புளியை வாங்கி முனையைப் பார்த்தார். “இது தேஞ்சிருக்கே சார், திருகாணித் தலையைக் கெடுத்துடுமே?” பார்த்தேன், தேய்ந்துதான் இருந்தது.

சுண்ணக்கட்டிப் பெட்டி வந்தால் மேலடுக்கை அவர் பார்ப்பதே இல்லை. நேராக அடியில் கைவிடுவார். உடைந்ததெல்லாம் அங்கேதான் இருக்கும். மேசை ஆடுகிறதா என்று பார்க்க, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரை நடுவில் வைத்துவிட்டு, நாலு பக்கமும் நாலு பிள்ளைகள் முழங்கை ஊன்றுவதுபோல மாறி மாறி ஊன்றுவார். தண்ணீர் சிந்தினால் பழைய ரப்பர் செருப்பை வெட்டி அந்தக் காலுக்கடியில் ஒட்டுவார். எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் முன்பக்கத்தைப் படிக்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். “முன்னாடி எழுதறது நாம படிக்கறதுக்கு. பின்னாடி இருக்கறதுதான் நடந்தது.”

இந்த ஆண்டு வரிசை பெஞ்சுகளை எடுத்துவிட்டு, ஒரு மேசைக்கு நாலு பேராக உட்கார்ந்து சேர்ந்து படிக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. டீச்சர் இதைத் தன் வகுப்பில் சத்தமில்லாமல் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். பெஞ்சுகளைத் திருப்பிப்போட்டு, மாலையில் மறுபடி நேராக்கிவிட்டுப் போவாராம்.

மூன்றாம் நாள் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். திறந்து பார்த்தால் ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைக்குப்பி, ஓர் அளவுகோல். நாலு பிள்ளைக்கு ஒன்றுதானா? தலைக்கொரு கத்தரிக்கோல் வாங்கியதாகத்தானே பெற்றோருக்குச் சொல்லியிருந்தார்கள்? மீதி எங்கே போயிற்று? ஊரெல்லாம் கேள்வி கேட்கிற நான் இங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? கேட்டேன்.

டீச்சரின் முகம் மலர்ந்தது. பல நாள் காத்திருந்த விருந்தாளி வந்ததுபோல. இரும்பு அலமாரியின் பூட்டைத் திறந்து காட்டினார். பதினெட்டுக் கத்தரிக்கோல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“ஆளுக்கொண்ணு குடுத்தா நாலு பேரும் தனித்தனியா வெட்டிட்டுப் போயிடுவாங்க சார். பக்கத்துல உக்காந்துட்டா சேந்து படிக்கறதாகிடுமா? ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் ‘நீ பிடி, நான் வெட்டறேன்’னு பேச்சு வரும். முதல் வாரம் அடிச்சுக்குவாங்க. ரெண்டாம் வாரம் பேரம் பேசுவாங்க. மூணாம் வாரம் கேக்காமயே நீட்டுவாங்க. நாலாம் வாரம் இன்னொரு மேசைக்குக் கடன் குடுத்து ஜம்பம் அடிப்பாங்க.”

“எல்லாருக்கும் இது தெரியுமா?”

“கேட்டவங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்துல நீங்க ரெண்டாவது ஆள்.”

சந்தேகம் ஒரு குணக்கேடு என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தருகிறார்கள். சொல்லித்தந்தவர்கள் யார், அதனால் யாருக்கு லாபம் என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த அம்மையார் அதைச் செய்கிறார். மேசைக்கு நாலு அட்டை வைத்திருக்கிறார். கேட்பவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், எழுந்து சொல்பவர். அட்டைகளை நாற்காலியின் முதுகில் மாட்டியிருக்கிறார். தினமும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார வேண்டும். ஏன் என்று கேட்டேன். “இவங்களா பிரிச்சுக்கட்டும்னு விட்டா எழுதறது எப்பவும் பொண்ணு, எழுந்து நின்னு சொல்றது எப்பவும் பையன். அதுல எனக்கு ரொம்பச் சந்தேகம்.”

அன்று மதியம் அலுவலகத்திலிருந்து பட்டியல் வந்தது. எந்தப் பிள்ளை எந்த மேசை என்று தட்டச்சு செய்த ஒரே தாள். கொண்டுவந்தவர் பள்ளி உதவியாளர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய மகளும் மூன்றாம் வகுப்புக்குத்தான் வருகிறாள். “என் பொண்ணு ஆறாவது மேசையாம் டீச்சர். கதவோரம், நல்லா காத்து வரும்” என்று சிரித்துக்கொண்டே அந்த மேசையை இன்னொரு முறை துடைத்தார்.

ஆறாவது மேசையில் டீச்சர் காலையில்தான் உட்கார்ந்து பார்த்திருந்தார். எதிர்ச் சன்னலின் வெளிச்சம் கரும்பலகையில் பட்டு, அங்கிருந்து பார்த்தால் பாதிப் பலகை வெள்ளையாகப் பளபளக்கும். அறையிலேயே மோசமான இடம்.

வழக்கம்போல் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தை விரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி தடவினார். “சார், இங்க தொட்டுப் பாருங்க.” தொட்டேன். சின்னச் சின்ன மேடுகள், நான்கு. முன்பக்கத்தில் யாரோ பென்சிலால் அழுத்திப் புள்ளி வைத்து, பிறகு அழித்திருக்கிறார்கள். கரி போய்விட்டது. பள்ளம் போகவில்லை. நான்கு பெயர்கள். நான்கும் ஆறாவது மேசை.

தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நல்ல மனிதர், மென்மையாகப் பேசுவார், அதுதான் ஆபத்து.

“கம்ப்யூட்டர்ல குலுக்கிப் போட்டது டீச்சர். என் கையில எதுவும் இல்ல.”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இருபத்து நான்கு பேரைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு மேசைக்குப் பிரித்தால், குறிப்பிட்ட நான்கு பேர் ஒரே மேசையில் விழ ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்றில் ஒரு வாய்ப்பு. அது கதவோரத்து மேசையாகவே இருக்க, பத்தாயிரத்துக்கு மேல் போகும். வாய்விட்டும் சொன்னேன். அவர் புன்னகைத்தார். “நடக்கவே நடக்காதுன்னு இல்லையே சார்?”

டீச்சர் வாதாடவில்லை. “சரிங்க சார். சுவத்துல பிறந்தநாள் அட்டவணை எழுதணும். சேர்க்கைப் படிவமெல்லாம் கொஞ்சம் குடுங்க” என்றார். கட்டு கையில் வந்தது. வகுப்பறைக்கு வந்து ஆறாவது மேசையில் பரப்பினார். பிறந்தநாளை எழுதியவாறே ஒவ்வொரு படிவத்தின் அடியையும் பார்த்தார். இருபது படிவங்களில் கையெழுத்து. நான்கில் ஊதா நிறப் பெருவிரல் ரேகை. புள்ளி வைத்த அதே நான்கு.

கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. டீச்சர் பார்த்தார், சென்ற ஆண்டு வாசிப்பு அட்டைகளை எடுத்து வரச் சொன்னார். வகுப்பிலேயே தடையில்லாமல் வாசிப்பவள் என்று எழுதியிருந்தது அக்காவின் மகளைப் பற்றி.

அக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. “அந்தப் புள்ளி என் கைநாட்டுக்கா டீச்சர்?” என்றார். டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர். “ஆமாக்கா.”

மறுபடி தலைமையாசிரியர் அறை. இந்தமுறை மூன்று பேர்.

“உள்நோக்கம் ஒண்ணும் இல்ல டீச்சர். வீட்டுல சொல்லிக்குடுக்க ஆள் இல்லாத பிள்ளைங்க. ஒண்ணா இருந்தா நீங்க தனியா கவனிக்கலாம். அவங்க நல்லதுக்குத்தான்.”

“நல்லதுன்னா ஏன் சார் ரப்பர் போட்டு அழிச்சீங்க?”

அவர் மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையை நகர்த்தி வைத்தார். “சந்தேகப்படறதே உங்களுக்குப் பொழைப்பாப் போச்சு.”

“எனக்குக் கையெழுத்து தெரியாது, சரி” என்றார் அக்கா. அந்த அறையில் அவர் குரலை அதற்குமுன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “அதுக்காக என் பொண்ணுக்குப் போர்டும் தெரியக்கூடாதா சார்?”

தலைமையாசிரியர் டீச்சர் பக்கம் திரும்பினார். “இப்ப என்னதான் செய்யணுங்கறீங்க?”

டீச்சர் கேட்டது பெரிதில்லை. பிள்ளைகள் முன்னால் சீட்டுக் குலுக்கி மேசை பிரிக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தலைமையாசிரியர் முடியாதென்று தலையை ஆட்டினார். “முதல் மேசைப் பிள்ளைங்களோட அப்பா அம்மா என்னைக் கிழிச்சுடுவாங்க. வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. வகுப்புல பாதிக்கு மேல, பதிமூணு வீட்டுலேருந்து எழுதி வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசிப் பெற்றோர் கூட்டத்துல வைக்கறேன். அதுவரைக்கும் என் பட்டியல்தான். மீறினா உங்களுக்கு வகுப்பு கிடையாது. நூலக அறையில புத்தகம் அடுக்கலாம்.”

பதிமூன்று கிடைக்காது என்ற நம்பிக்கையில் சொன்னார். அவர் கணக்கும் தப்பில்லை. அன்று மாலை என் வீட்டிலேயே அது நடந்தது. “நம்ம பொண்ணு எந்த மேசை?” என்றார் என் இணையர். முதல் மேசை என்றேன். “அப்புறம் நீங்க ஏன் நடுவுல போய் நிக்கறீங்க? குலுக்கினா இவ கதவோரம் போனா?” கத்தரிக்கோல் குறைந்ததற்குச் சந்தேகப்பட்டேன். என் மகளின் பெயர் பட்டியலில் முதல் மேசையில் இருந்ததை மதியம் பார்த்தபோது, அது எப்படி அங்கே வந்தது என்று எனக்கு ஏன் ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை? இதை அவரிடம் உரக்கச் சொன்னேன். “கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க. ஆனா வெளிச்சம் அடிக்கற சன்னலுக்கு முதல்ல ஒரு வழி பண்ணுங்க” என்றார்.

மறுநாள் போனபோது டீச்சர் நாற்காலிமேல் ஏறி நின்று அந்தச் சன்னலுக்குப் பழுப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். இறங்கி ஆறாவது மேசையில் உட்கார்ந்து பார்த்தார். பலகை முழுதும் தெரிந்தது. “வெளிச்சத்தை மறைச்சாச்சு. புள்ளியை எதை வெச்சு மறைக்கறது?” என்றார்.

கோரிக்கையை அவரே ஒரு தாளில் எழுதியிருந்தார். நாலே வரி. அடியில் ஒன்றிலிருந்து பதிமூன்று வரை எண். தலைமையாசிரியர் முன்னிலையில்தான் முதல் ஒப்பம் விழ வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாராம். போனோம். நான் பேனாவைத் திறந்தேன். அக்கா என் கையைத் தடுக்கவில்லை, முந்திக்கொண்டார். தலைமையாசிரியரின் மேசையிலிருந்து பள்ளி முத்திரையின் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். மூடியைத் திறந்து பெருவிரலை அழுத்தி, ஒன்று என்ற எண்ணுக்கு நேராக வைத்து, இப்படியும் அப்படியும் ஒருமுறை உருட்டி எடுத்தார். ஒரு ரேகைகூடக் கலையவில்லை. இரண்டாவது இடத்தில் நான் போட்டேன். என் கையெழுத்துதான் கோணலாக விழுந்தது.

டீச்சர் தாளை எடுத்தார். ஈரம் காயும்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்தத் தாளை மட்டும் அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

இதை நீங்கள் படிக்கும்போது பள்ளி திறந்திருக்கும். நான்கு பிள்ளைகள் ஆறாவது மேசையில் ஒரு கத்தரிக்கோலைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். தாளில் இன்னும் பதினோரு இடம் காலி. அந்த வகுப்பில் உங்கள் பிள்ளை இருந்தால் மாதம் முடிவதற்குள் வந்து போடுங்கள். பேனா இல்லாவிட்டால் மைப்பெட்டி இருக்கிறது. வேறு பள்ளியாக இருந்தால் நாளைக் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போங்கள். கதவோர மேசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை முதல் மேசையில் இருந்தால், தயவுசெய்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்.