அரக்கு நிறம் காட்டாத கேமரா

கணினிக் கேமராவைச் சீர்செய்யும் தொழிலில், பழுது கேமராவில் இருப்பது பாதி நாள்தான்; மீதி நாள் அது நம்மிடம் இருக்கிறது. கருவிப் பையோடு அடையாற்றுக்கும் மயிலாப்பூருக்குமாக அலையும் என் சகதொழிலாளர்களே, தி.நகர்ப் புடவைக் கடை ஒன்றில் நான் பட்டதைக் கேளுங்கள்.

நெற்றியைத் தேடி

கடை உரிமையாளர் திருநெல்வேலிக்காரர்; எல்லாருக்கும் அண்ணாச்சி. கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்று மறுநாள் காலை காணொளி வழியே மகளின் முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுக்க இருந்தது. முன்பு அப்படி வாங்கிய புடவை, நிறம் வேறாக இருந்ததால் திரும்பி வந்திருந்தது. இம்முறையும் தவறினால் கடையையே மறந்துவிடுவோம் என்று பெண்ணின் தாய் சொல்லியிருந்தார். கைபேசியைப் பிடித்தால் புடவையை விரிக்க ஒரு கை குறையும் என்பதால், அண்ணாச்சி பழைய கேமராவையே நம்பியிருந்தார். அதுவோ யாவற்றையும் செந்நிற மூட்டமாகக் காட்டியது.

மென்பொருளை நீக்கினேன், மீண்டும் நிறுவினேன், ஒரு மணி நேரம் கழித்தே கேமராவின் முகத்தைப் பார்த்தேன். ஆயுத பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் லென்ஸின்மீது காய்ந்திருந்தன. நண்பர்களே, உள்ளே ஆராயுமுன் முகத்தைப் பாருங்கள். மனிதரிடத்தும் அவ்வாறே செய்யுங்கள். அண்ணாச்சி சிறிதும் கலங்காமல் சொன்னார்: "எல்லாத்துக்கும் நெத்தியிலதான் வச்சோம் தம்பி. இதுக்கு நெத்தி எங்க இருக்குன்னு யாரு கண்டா?"

பவுடர் போட்ட முகம்

துடைத்ததும் படம் தெளிந்தது. ஆனால் அரக்குப் பட்டு காப்பித்தூள் நிறத்தில் தெரிந்தது. கேமராவுக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பளித்து, புதியது ஒன்றை வாங்கிவந்து பொருத்தினேன். அது எதையும் உள்ளபடி காட்டவில்லை, தானாகவே அழகுபடுத்தியது. அரக்கு தக்காளிச் சிவப்பாயிற்று. அந்த வசதியை அணைத்தால், மறுபடியும் காப்பித்தூள்!

அழகைவிட உண்மை பெரிது என்று நான் பிரசங்கம் தொடங்குமுன், விற்பனைப் பெண் செல்வி திரையில் தன்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். சைதாப்பேட்டைக்காரியான அவள் என்னிடம் கேட்டாள்: "இன்னாண்ணே இது, என் மூஞ்சி செவப்பா கீது? என்னையே மாத்துது, பொடவைய வுட்ருமா?"

வாசற்படியில் தீர்ப்பு

மறுநாள் காலை, அழைப்புக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தித் தோற்று நின்றேன். அப்போது புடவை வாங்க வந்த ஓர் அம்மாள், "டியூப்லைட்ல என்னப்பா தெரியும்? வெளியில எடுத்துட்டு வா" என்று விற்பனையாளரை வாசலுக்கு இழுத்துச் சென்றார். தி.நகரில் புடவை வாங்கும் எவரும் செய்வதுதான். எனக்குத்தான் அதுவரை தோன்றவில்லை.

புதிய கேமராவின் கம்பி பாதி வழிவரையே எட்டியது. பழையதையே மீண்டும் மாட்டினேன்; அதன் கம்பி வாசல்வரை நீண்டது. செல்வி படியில் நின்று வெயிலில் பட்டுப் புடவையை விரித்தாள். திரையில் அரக்கு, அரக்காகவே நின்றது! கூடிவிட்ட கூட்டம், "இதையே எடும்மா, கல்யாணக் களை இருக்கு" என்று கோலாலம்பூருக்கு யோசனை சொல்லியது. பெண்ணின் தாய் உற்றுப் பார்த்தார். "இது எடுத்தாச்சு அண்ணாச்சி," என்றார் அவர். "பின்னால ஒரு அம்மா மாம்பழக் கலர் கட்டியிருக்காங்களே, அவங்கள கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க."

வெயிலைப் பெட்டியில் அடைத்து விற்கும் வித்தை கைவரும் வரையில், நம் தொழிலில் இருப்போர் சற்று அடக்கமாக இருப்பதே நலம்.