கப்பல் டிக்கெட்டும் அரிசி டப்பா வளையலும்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். எனக்கு பீச் ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் ஆபீஸில் கிளார்க் வேலை. காலையில் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் எங்கள் ராஜ்ஜியம்தான். தினமும் ஒரே பெட்டி, ஒரே ஜன்னலோரம். பதினோரு பேர் இருந்தோம். ஒருத்தி மடியில் பீன்ஸ் நறுக்குவாள், இன்னொருத்தி பூக்கட்டுவாள். சண்டை, சமாதானம், சீமந்தப் புடவை தேர்வு எல்லாம் பல்லாவரத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடும்.

பீச் ஸ்டேஷனில் இறங்கினால் துறைமுகத்து மதிலுக்கு மேலே கப்பலின் புகைபோக்கி தெரியும். வருஷக்கணக்காகப் பார்க்கிறோம், ஒருத்தரும் உள்ளே கால் வைத்தது கிடையாது. வீட்டுக்காரர், பிள்ளை குட்டி இல்லாமல் நாமே ஒரு தடவை கப்பலில் போய் வந்தால் என்ன என்று ஒருநாள் நான்தான் கொளுத்திப் போட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சொன்ன வாயை மூடுவதற்குள் எல்லோரும் என்னையே விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடைக்கு மேலே, மாடியில் ஒரு டிராவல்ஸ் இருந்தது. ஒரே அறை, ஒரே மேஜை. நாற்பது வயதிருக்கும் அந்த ஏஜென்ட் நிதானமாகப் பேசுகிறவர். ஜனவரியில் அந்தமான் டூர், போகவும் வரவும் கப்பல். ஜூன் மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டினால் கால் பங்கு தள்ளுபடி. ஆனால் கட்டிவிட்டு வரவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்காது. முன்னாடியே பணம் வந்தால் அங்கே லாட்ஜுக்கு மொத்தமாகக் கட்டி வாடகையைக் குறைத்துவிடுவேன், அந்த லாபத்தில்தான் உங்களுக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று விளக்கினார். கப்பல் டிக்கெட் மட்டும் பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கிடைக்கும் என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவே இல்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் அவர் இன்னொன்று சொல்லியிருந்தார். பத்து பேரை முழுப் பணம் கட்ட வைத்துக் கூட்டிவந்தால், கூட்டி வருகிறவருக்கு டிக்கெட் இலவசம்.

ஓசி என்றால் யாருக்குத்தான் கசக்கும்? திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்த என் கணவர், செலவில்லை என்றால் போய் வா என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். ட்ரெயினில் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் தலைக்குத் தலை பங்கு கேட்பார்கள், அலைந்தது நான்தானே என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன்.

ஒன்பது பேர் பணம் கட்டிவிட்டார்கள். பத்தாவது ஆள் எங்கள் பெட்டியிலேயே வரும், எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி இருந்த டெலிபோன் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், கணவர் இல்லை, மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாசம் முன்னாடியே முழுசா கட்டணுமாடி, நான் வரலை என்றார். அவர் வராவிட்டால் எண்ணிக்கை ஒன்பதோடு நின்றுவிடும், என் இலவசம் போச்சு. அப்போது என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"என்னக்கா, நான் மட்டும் கையில வச்சிருந்தா கட்டினேன்? வளையலை அடகு வச்சுதான் கட்டினேன். தள்ளுபடியில மிச்சமாகிற காசுல வட்டி போக மீதி வரும்."

மறுநாள் சாயங்காலம் அக்கா மார்க்கெட்டில் சேட்டு கடையில் தன் வளையலை வைத்துவிட்டுப் பணத்தோடு வந்தார். நான் வீட்டுக்கு வந்து என் வளையல் இரண்டையும் கழற்றி ஒரு துணியில் முடிந்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? அன்றிலிருந்து கையில் கண்ணாடி வளையல்தான். கணவர் கேட்டதற்கு, ட்ரெயினில் திருட்டு பயம் என்று சொல்லிவைத்தேன்.

பணம் கட்டிய அன்று ஏஜென்ட் எங்கள் பதினோரு பேருக்கும் சேர்த்து என்னிடம் ஒரு விலாசம் கேட்டார். வீட்டு விலாசம் கொடுக்க முடியாது. பகலில் எங்கள் வீடு பூட்டியிருக்கும் என்பதால், தபால்காரர் எங்கள் கடிதங்களை மதிய டியூட்டி நாட்களில் வீட்டிலிருக்கும் அக்காவிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். ஆபீஸ் விலாசமும் முடியாது. எங்கள் பதினோரு பேரில் இரண்டு பேர் என் செக்‌ஷனிலேயே இருந்தார்கள். கடிதத்தில் 'ஒரு நபர் இலவசம்' என்று எழுதியிருந்தால் என் கதி? தபாலே வேண்டாம், நானே வந்து விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக நினைப்பு.

நவம்பர் மாதம் நல்ல மழை. ஒருநாள் ஆபீஸுக்கு வந்த துறைமுகத்து ஆள் ஒருவரிடம் பெருமையாகக் கப்பல் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். கப்பல் புறப்படும் தேதியே ஒரு மாசம் முன்னாடிதானே அறிவிப்பார்கள், ஜூன் மாசமே எந்த டிக்கெட்டுக்கு அம்மா பணம் கட்டினீர்கள் என்று கேட்டார். அன்று சாயங்காலமே மழையில் நனைந்துகொண்டு மேற்குத் தாம்பரம் ஓடினேன். மாடி அறையில் பூட்டு தொங்கியது.

கீழே டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "பத்து நாளா தொறக்கலமா. எங்க பூட்டாரோ, இன்னாவோ. உன்ன மாரி ரெண்டு பேரு வந்து கேட்டுக்கினு போனாங்க" என்றார்.

அந்த வருஷங்களில் பணம் போட்டவர்கள் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் கூட்டமாக நிற்பது பேப்பரில் அடிக்கடி வரும். படிக்கும்போதெல்லாம், பேராசைக்காரர்கள், இவர்களுக்கு வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. இப்போது அந்தப் பூட்டின் முன்னால் நானே நின்றேன். என் காசு ஒரு பைசா போகவில்லை. போனது பத்து பேருடைய காசு, அக்காவின் வளையல். அந்த நினைப்புதான் தாங்க முடியவில்லை.

இரண்டு நாளில் ட்ரெயினில் செய்தி பரவிவிட்டது. ஏஜென்ட் கடை பூட்டிக் கிடக்கிறதாமே, நீதானே கட்டினாய், விசாரித்துச் சொல் என்றார்கள். யாரும் கத்தவில்லை. அதற்குப் பதில் கத்தியிருக்கலாம். அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னோடது போனா போகட்டும்டி. நீயும் வளையலை வச்சுல்ல கட்டினே. பாவம், உன்னை யாரு தேத்துவாங்க?"

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. மறுநாளிலிருந்து முதல் பஸ் பிடித்து, வேறு ட்ரெயினில், ஜெனரல் கம்பார்ட்மென்ட்டில் நசுங்கிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீக்கடைக்காரரிடம் விசாரித்து வைத்திருந்த அடையாளத்தை வைத்து இரும்புலியூரில் ஏஜென்ட் வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. நான் குடையைக்கூட மடக்கவில்லை. வாசலிலேயே நின்று, ஊரை அடித்து உலையில் போட்டவர்கள் நன்றாக இருப்பீர்களா என்று ஆரம்பித்து, வாயில் வந்ததெல்லாம் கொட்டித் தீர்த்தேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அந்தப் பெண் முகம் சிவந்துபோய் நின்றாரே தவிர ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கியபோது என் பெயரைக் கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்துவந்து புரட்டினார்.

"ஜனவரி கப்பல் ரிப்பேருக்குப் போகுதாம். அதான் லாட்ஜ் தேதியை மாத்த அவரே நேர்ல போர்ட் பிளேர் போயிருக்காரு. போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் லெட்டர் போட்டாச்சு. கவர்ல அட்ரஸ் எழுதினதே நான்தான். உங்க பேருக்கு நேர மட்டும் பாருங்க, என்ன எழுதியிருக்குன்னு."

பார்த்தேன். என் பெயர், பதினொன்று, ஒன்று இலவசம். அதற்கு நேரே சிவப்பு மையில் 'தபால் வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

மிச்சமிருந்த ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கப்பல் பிப்ரவரிக்குத் தள்ளிப் போகிறது, அதே கட்டணம்தான், தேதி மாறியது உங்கள் தவறு இல்லை என்பதால் வேண்டாம் என்பவர்களுக்குப் பணம் முழுவதும் திரும்பக் கொடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. மழையில் போன் லைன் செத்திருந்ததாம். பணம் கட்டிய மற்றக் குழுக்காரர்கள் கடிதம் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். விசாரித்து வந்த அந்த இரண்டு பேரும் பணம் கட்டாதவர்கள், புதிதாக டூர் கேட்டு வந்தவர்களாம்.

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாடா, அக்காவின் வளையல் தப்பித்தது! ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அந்தப் பெண் ஒரு துண்டும் டீயும் கொண்டுவந்து கொடுத்தார். மன்னிச்சிடும்மா என்றேன். காசு கட்டினவங்க கேட்பீங்கதான், ஆனா தெருவுல வச்சுக் கேட்டிருக்க வேணாம் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். காசு கட்டாத நான் எதைச் சொல்வது?

மீதிப் பாதிக் கல் பாக்கியிருந்தது. திங்கட்கிழமை காலை அரிசி டப்பாவைக் கவிழ்த்து வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் ட்ரெயினில் ஏறினேன். கடிதத்தை எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். ஒரே ஆரவாரம். அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, அட, மீட்டுட்டியா, நல்லது நல்லது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வளையலை நான் வைக்கவே இல்லைக்கா என்று ஆரம்பித்து இலவச டிக்கெட் வரை எல்லாவற்றையும் கக்கினேன். என் டிக்கெட்டுக்கு உண்டான பணத்தைப் பத்து பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பெட்டியில் பூக்கட்டும் கைகூட நின்றுவிட்டது. கிண்டி வந்ததும் அக்கா ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"ஓசியில வர்றதுக்குக் கோவம் இல்ல. மழையிலயும் வெயில்லயும் அலைஞ்சது நீ. கேட்டிருந்தா நாங்களே விட்டுக் குடுத்திருப்போம். வளையலை வச்சேன்னு சொன்னே பாரு, அதைத்தான் தாங்க முடியல."

அந்த வாரமே, அதே சேட்டு கடைக்குப் போய் என் இரண்டு வளையலையும் வைத்தேன். பத்து பேருக்கும் பிரித்துக் கொடுத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். அக்கா தன் பங்கை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். தை பிறக்கும் வரை என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

பிப்ரவரியில் சொன்ன தேதிக்குக் கப்பல் ஏறினோம். ஏஜென்ட் துறைமுக வாசலில் நின்று ஆளுக்கொரு டிக்கெட்டாகக் கொடுத்தார். கீழ்த்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள். முதல் நாள் கடற்கரை தெரிந்தவரை ஒரே கும்மாளம். அலை பெரிதானதும் பத்து பேரும் சுருண்டுவிட்டார்கள். என்ன மாயமோ, எனக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. பக்கெட்டும் கையுமாக ஒவ்வொரு படுக்கையாக ஓடினேன். அக்கா வாந்தி எடுத்து முடித்து என் கையைப் பிடித்தபடி படுத்திருந்தார். அந்தக் கையில் கண்ணாடி வளையல்கள் இருப்பதை அப்போதுதான் கவனித்திருக்கிறார்.

"தங்கம் எங்கடி? மறுபடியும் அரிசி டப்பாவா?"

"இல்லக்கா. சேட்டு கடையில."

அக்கா வறண்ட உதட்டோடு சிரித்தார். "காசு குடுத்து வந்ததாலதான் உனக்கு வாந்தி வரல. ஓசின்னா நீயும் எங்களோட படுத்திருப்பே" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படுக்கையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வளையலை அடுத்த தீபாவளி போனஸில் மீட்டேன். இன்றைக்கும் முன்கூட்டியே பணம் கட்டினால் தள்ளுபடி என்று எங்கே பார்த்தாலும், எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், இதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.